மொட்டைக் கடுதாசி எங்க போச்சு? பழிவாங்கும் நாவலும் அதுலேர்ந்து வந்த படங்களும்: அடிக்கடி கேக்குற கேள்விங்க

பினாங்கு ஆயர் ஈத்தாம்ல எங்க ஃபிளாட்டு கீழ இருக்குற ஹால்ல மாசத்துல ஒரு சனிக்கிழமை ராத்திரி படம் போடுறோம். சங்கம் கிங்கம்னு ஒன்னும் கிடையாது, இரவல் ப்ரொஜெக்டர் ஒன்னு, சுவர்ல ஈரக்கறை இருக்குறதால அதுக்கு மேல கட்டுன எட்டு முழ வேட்டி ஒன்னு, பிளாஸ்டிக் நாற்காலி, யாராச்சும் வாங்கிட்டு வர்ற கச்சான் பூத்தேங்கிற கடலைப் பொட்டலம், அவ்வளவுதான். இந்த வருசம் பழைய பழிவாங்கும் நாவல்லேர்ந்து எடுத்த படமா வரிசையா போட்டோம், படம் முடிஞ்சா ஹால்ல பேச்சு, ஹால பூட்டிட்டா மாமாக் சாப்பாட்டுக் கடைல தே தாரிக்கோட, அதான் ஆத்துன டீயோட, பேச்சு, அதுல அதே கேள்விங்கதான் சுத்திச் சுத்தி வருது, ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து சொல்லி எனக்கு வாய் வலிக்குது. அதான் உக்காந்து எழுதிட்டேன். கதை முடிவெல்லாம் உள்ள இருக்கு, தெரிஞ்சுக்க வேணாம்னு நெனக்கிறவங்க இப்பவே ஓடிருங்க.

அக்கா, பழிவாங்கும் நாவல்னா எதையெல்லாம் சொல்றீங்க?

முக்கியமா ரெண்டு. அலெக்சாண்டர் டூமாவோட கவுண்ட் ஆஃப் மாண்டி கிறிஸ்டோ, 1844லேர்ந்து 1846 வரைக்கும் பாரிஸ்ல ஒரு பேப்பர்ல தொடர்கதையா வந்தது. இன்னொன்னு எமிலி பிரான்டேவோட வுதரிங் ஹைட்ஸ், 1847. கடைசில மோபி டிக் பத்தி ஒரு வாய், அது மனுசன் திமிங்கலத்து மேல வச்ச வஞ்சம்.

நாவல் படிக்கல. மாண்டி கிறிஸ்டோ கதைய கொஞ்சம் சொல்லுங்களேன்.

1815, மார்செய் துறைமுகம். எட்மண்ட் டான்டெஸ்னு 19 வயசுப் பையன், கேப்டன் ஆகப் போறான், மெர்சிடிஸ்ங்கிற பொண்ண கட்டப் போறான். அதே கப்பல்ல கணக்கு பாக்குற டங்லாருக்கு வயித்தெரிச்சல், கையெழுத்து தெரியக்கூடாதுன்னு எடது கையால ஒரு மொட்டைக் கடுதாசி எழுதுறான், இந்தப் பையன் நெப்போலியன் ஆளு, அவர நாடு கடத்தி வச்சிருக்குற எல்பா தீவுலேர்ந்து ரகசிய கடிதம் கொண்டு வந்திருக்கான்னு. மெர்சிடிஸ் மேல கண்ணு வச்ச ஃபெர்னாண்ட் அத தபால்ல போடுறான். விசாரிக்கிற அரசாங்க வக்கீல் வில்ஃபோருக்கு பையன் அப்பாவின்னு நல்லாவே தெரியுது, விடவும் போறான், ஆனா அந்த ரகசிய கடிதம் யாருக்குப் போக வேண்டியதுன்னு பாத்தா அவனோட சொந்த அப்பா பேரு. கடிதத்த நெருப்புல போட்டுட்டு பையன கடல் நடுவுல இருக்குற ஷாத்தோ தீஃப் கோட்டைல தள்ளிர்றான். 14 வருசம். உள்ள ஃபாரியான்னு ஒரு பாதிரியார், இவனுக்கு படிப்பும் சொல்லிக் குடுத்து புதையல் இருக்குற இடத்தையும் சொல்லிட்டு செத்துப் போறாரு, அவர் பொணம் இருந்த சாக்குல இவன் பூந்துகிட்டு தப்பிக்கிறான். வெளிய வந்து பாத்தா டங்லார் பேங்க் முதலாளி, ஃபெர்னாண்ட் ஜெனரலு, மேல்சபை மெம்பரு, வில்ஃபோர் பெரிய பிராசிக்யூட்டர். பணம், பட்டாளம், கோர்ட்டு, மூணும் மூணு துரோகி கையில. மிச்சம் கதை, இவன் அந்தப் புதையல எடுத்து மாண்டி கிறிஸ்டோ கவுண்ட்னு, அதாவது பிரபுன்னு, பேர் வச்சுக்கிட்டு அவனுங்க ஒவ்வொருத்தனையும் எப்படி கவுக்குறான்ங்கிறது.

இதுல அரசியல் எங்க இருக்கு? ஒரு பொண்ணுக்காக நடந்த சண்டைதானே?

இதத்தான் அதிகமா கேக்குறாங்க, அதுவும் 2002ல வந்த ஜிம் கவீசல் படத்த மட்டும் பாத்தவங்க. அவங்க மேல தப்பில்ல, அந்தப் படம் அப்படித்தான் கதைய மாத்தி வச்சிருக்கு. ஃபெர்னாண்டுக்கு பொறாமை, டான்டெஸுக்கு ஜெயிலு, வெளிய வந்து கத்திச் சண்ட, பொண்ணு திரும்பக் கிடைக்குது, அவ பெத்த பிள்ளையும் இவனோட பிள்ளைதான்னு கடைசில தெரியுது, எல்லாரும் சௌக்கியம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டுட்டு பாக்க நல்ல படம், நானே மூணு தடவ பாத்திருக்கேன். ஆனா நாவல்ல மெர்சிடிஸ் திரும்பக் கிடைக்க மாட்டா. அந்தப் பையன் ஃபெர்னாண்டோட பிள்ளையேதான்.

நாவலோட முதுகெலும்பு அந்த மொட்டைக் கடுதாசி. யோசிச்சுப் பாருங்க, கேஸு இல்ல, விசாரணை இல்ல, தீர்ப்பு இல்ல, பேரு போடாத ஒரு காகிதம் போதும் ஒருத்தன 14 வருசம் புதைக்க. ஒரு தடவ ஜெயில் இன்ஸ்பெக்டர் வர்றாரு, நல்ல மனுசன்தான், டான்டெஸ் அழுவுறத கேட்டு ஃபைல பாக்குறேன்னு வாக்கு குடுக்குறாரு, ஃபைல தொறந்தா வில்ஃபோர் எழுதி வச்ச ஒரு குறிப்பு, ஆபத்தான நெப்போலியன் ஆளுன்னு. ஒன்னும் செய்றதுக்கில்லன்னு எழுதிட்டுப் போயிர்றாரு. கொஞ்ச நாள்ல டான்டெஸுக்குப் பேரே கிடையாது, 34ஆம் நம்பர். என்னைய கேட்டா டூமா எழுதுன பக்கத்துலயே பயங்கரமான பக்கம் இதுதான், அடிதடி ஒன்னும் இல்ல, ஒரு ஆபீசர் ஃபைல மூடுறாரு, அவ்வளவுதான்.

இத நம்ம நாட்டுல உக்காந்து பாக்குறப்ப வேற மாதிரி உறைக்கும். 1960லேர்ந்து 2012 வரைக்கும் இங்க மலேசியால ஐஎஸ்ஏன்னு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இருந்துச்சு, கோர்ட்டுக்கே கொண்டு போகாம அமைச்சர் உத்தரவுல 2 வருசம் உள்ள வைக்கலாம், முடிஞ்சதும் இன்னொரு 2 வருசம், அப்படியே நீட்டிக்கிட்டே போலாம். 1987ல ஓப்பராசி லாலாங்னு ஒரு போலீஸ் வேட்டைல 100 பேருக்கு மேல புடிச்சாங்க, 2007 டிசம்பர்ல இந்தியர் உரிமைக்குப் போராடுன ஹிண்ட்ராஃப் தலைவருங்க 5 பேர் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனது நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கே ஞாபகம் இருக்கும். நாங்க அந்த இன்ஸ்பெக்டர் சீன பத்திப் பேசுனப்ப ஹால்ல ஒரு அங்கள் மெதுவா, இது ஃபிரான்ஸ் கதைன்னு சொன்னீங்களேமான்னாரு. யாரும் சிரிக்கல.

அதனால படம் பாக்குறப்ப எங்க ஹால்ல ஒரு பழக்கம் வச்சிருக்கோம்: கடுதாசிய தேடு. கடுதாசிக்குப் படம் எவ்வளவு நேரம் குடுக்குது, அத யாரு எழுதுறான், எரிக்கிறவன் ஏன் எரிக்கிறான், இத பாத்தாலே போதும், படம் அரசாங்கத்த பாத்து பேசுதா இல்ல ரெண்டு ஆம்பளைங்க சண்டையா முடிச்சுருதான்னு தெரிஞ்சுரும்.

பழைய ஃபிரெஞ்சு படங்க எப்படி?

1943ல ரோபர் வெர்னே எடுத்தது ஒன்னு இருக்கு, ரெண்டு பாகம். எந்த நேரத்துல எடுத்தாங்கன்னு பாருங்க, ஜெர்மன்காரன் பாரிஸ்ல உக்காந்திருக்கான், பக்கத்து வீட்டுக்காரன பத்தி மொட்டைக் கடுதாசி எழுதிப் போடுறது ஊரெல்லாம் நடக்குது. அப்ப தியேட்டர்ல உக்காந்து டங்லார் பேனாவ எடுக்குறத பாத்தவன் மனசுல என்ன ஓடியிருக்கும்! படத்துல அதப் பத்தி ஒரு வார்த்த சொல்லத் தேவையே இல்ல. அதே இயக்குநர் 1954ல ழான் மரேய வச்சு கலர்ல திரும்ப எடுத்தாரு, அது பளபளன்னு இருக்கும்.

1934ல ஹாலிவுட்ல ராபர்ட் டோனட் நடிச்சது இன்னொன்னு. 2005ல வந்த வி ஃபார் வெண்டெட்டாவுல முகமூடிக்காரன் டிவில ரசிச்சு ரசிச்சுப் பாக்குறானே, அது இந்தப் படம்தான்.

ஃபெர்னாண்ட் ஏழையா பணக்காரனா? நீங்க ஒன்னு சொல்றீங்க, படத்துல வேற இருக்கு.

நாவல்ல அவன் பரம ஏழை. கத்தலான் மீனவன். மார்செய் ஓரத்துல கத்தலான் ஜனங்க தனியா ஒரு குடியிருப்பு போட்டு, அவங்க பாஷையே பேசிக்கிட்டு, அவங்களுக்குள்ளேயே கல்யாணம் பண்ணிக்கிட்டு இருப்பாங்க, மெர்சிடிஸும் அங்கதான். அந்த மாதிரி எடத்துலேர்ந்து வந்தவன் பட்டாளத்துல சேந்து, ஒவ்வொரு படியா ஒவ்வொருத்தனக் காட்டிக் குடுத்து மேல ஏறுறான். 2002 படத்துல ஆரம்பத்துலேயே பெரிய பிரபு வீட்டுப் பிள்ளை, 2024ல வந்த ஃபிரெஞ்சு படத்துலயும் அப்படித்தான்.

ஏன் மாத்துறாங்கன்னா அது சுலபம், பணக்காரன் கெட்டவன், ஏழை நல்லவன், எல்லாருக்கும் புரியும், நம்ம ஊர் படத்துல நாம பாக்காததா. ஆனா டூமா சொன்னது இன்னும் கசப்பான விசயம், கீழேர்ந்து வந்தவனே தன் ஆளுங்கள மிதிச்சுட்டு ஏறுனான்னு. தோட்டத்துல வளந்தவங்களுக்கு இத விளக்கவே வேணாம், துரை கொடுமைய சொல்லிட்டு அடுத்த மூச்சுலயே கங்காணி கதை வரும், சில வீட்டுல கங்காணி கதைதான் முதல்ல வரும். அந்தக் கசப்ப எடுத்துட்டா வில்லனுக்கு நல்ல கோட்டு மட்டும்தான் மிச்சம்.

ஹைதே யாரு? நாங்க பாத்த படத்துல அப்படி ஒரு பொண்ணே இல்லயே?

2002 படம் பாத்திருப்பீங்க, அதுல மொத்தமா தூக்கிட்டாங்க. ஹைதே ஜனினா ஊர் அலி பாஷாவோட மக. அலி பாஷா நிஜமா இருந்த ஆளு, ஒட்டோமான் ஆட்சில இன்னிக்கு கிரீஸ் இருக்குற பகுதிய ஆண்டவரு, 1822ல கொன்னாங்க. நாவல்ல அவருகிட்ட வேலைக்கு இருந்த ஃபெர்னாண்டே அவர காட்டிக் குடுத்துட்டு, பொண்டாட்டியையும் சின்னப் பிள்ளையா இருந்த மகளையும் அடிமையா வித்துர்றான். அந்தப் பிள்ளைய பின்னாடி கவுண்ட் விலைக்கு வாங்குறாரு.

இப்ப முக்கியமான சீன். ஃபெர்னாண்ட மேல்சபைல விசாரிக்கிறாங்க, பெரிய மனுசங்க எல்லாம் உக்காந்திருக்காங்க, முகத்திரையோட ஒரு பொண்ணு உள்ள வர்றா, தன்னைய வித்ததுக்கான சீட்ட எடுத்து மேசை மேல வைக்கிறா. அடிமையா இருந்த ஒரு பொண்ணு தன்னோட விலைச்சீட்டையே சாட்சியாக்கி ஒரு ஜெனரல சாய்க்கிறா! கத்தியும் இல்ல துப்பாக்கியும் இல்ல. இந்தக் கதைல நடக்குற பழிவாங்கல்லயே நியாயமானது இதுதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், அது ஹீரோவோடது கூட இல்ல, அவளோடது. இதத் தூக்கிட்டுத்தான் கத்திச் சண்ட வச்சாங்க.

ஆனா டூமாவையும் சும்மா விட முடியாது. கடைசில கவுண்ட் ஹைதேவோடயே கப்பல் ஏறிப் போயிர்றாரு, தான் விலைக்கு வாங்குன பொண்ணு, மக மாதிரி வளத்தேன்னு சொன்ன பொண்ணு. எங்க ஹால்ல இருக்குற டீச்சர் ஒருத்தங்களுக்கு இத கேட்டாலே கோவம் வந்துரும். 2024 படத்துல அனமரியா வர்தலோமே நடிச்ச ஹைதே அப்படி இல்ல, ஃபெர்னாண்டோட மகன் ஆல்பெர்ட்ட மயக்குறதுக்காக கவுண்டே அவள பழக்கி அனுப்புறாரு, அவளுக்கு நெசமாவே அவன் மேல ஆச வந்துருது, கடைசில ரெண்டு பேரும் சேந்து போறாங்க. தன் பழிக்காக ரெண்டு சின்னப் பிள்ளைங்க வாழ்க்கைய காயா உருட்டுறியேன்னு படமே அவர கேள்வி கேக்குது. அது நல்ல மாத்தம். ஃபிரான்ஸ்ல மட்டும் 90 லட்சம் டிக்கெட்டுக்கு மேல வித்த படம், அவ்வளவு கூட்டம் இழுத்த படம் ஹீரோவ இப்படி கேள்வி கேக்கணும்னு அவசியமே இல்ல.

கவுண்ட்கிட்ட ஒரு ஊமை வேலைக்காரன் இருப்பானாமே?

அலி. நூபியாக்காரரு. நாவல்ல அந்தப் பகுதிய படிச்சுட்டு நான் புத்தகத்த மூடி வச்சுட்டேன். துனிஸ் ராஜா அலிக்கு தண்டன குடுத்திருக்காரு, முதல் நாள் நாக்கு, அப்புறம் கை, அப்புறம் தலை. கவுண்டுக்கு ரொம்ப நாளா ஒரு ஊமை வேலைக்காரன் வேணுமாம், அதனால நாக்க வெட்டுற வரைக்கும் காத்திருந்துட்டு அப்புறமா போய் ஒரு துப்பாக்கிய குடுத்து ஆள மீட்டுட்டு வர்றாரு. இத அவரே சாவகாசமா விருந்தாளிகிட்ட சொல்லுவாரு! அநியாயத்துக்கு பழிவாங்குற ஹீரோ பேசுற பேச்சு. இத அப்படியே திரைல வைக்கிற தைரியம் இருந்தா அது வேற படம். பெரும்பாலும் அலிய ஓரமா ஒரு தலப்பாகையோட நிக்க வச்சுருவாங்க.

இந்த நாவல் தொடரா வந்தப்ப ஃபிரெஞ்சு காலனிங்கள்ல அடிமை முறை சட்டப்படியே இருந்துச்சு, 1848லதான் ஒழிச்சாங்க. பேப்பர் படிச்சவங்களுக்கு ஹைதேயும் அலியும் பழங்காலத்து ஆளுங்க கிடையாது.

டூமாவே கறுப்பர்னு சொல்றாங்களே, உண்மையா?

அவரோட பாட்டி மரி செசெட், இன்னிக்கு ஹைத்தின்னு சொல்ற சான் டொமிங்ல அடிமையா இருந்த கறுப்பினப் பெண்மணி, தாத்தா ஒரு ஃபிரெஞ்சு பிரபு. அப்பா தோமா அலெக்சாண்டர் 1762ல அங்க பொறந்து, ஃபிரெஞ்சு புரட்சிப் பட்டாளத்துல ஜெனரலா உயந்தவரு. எகிப்துலேர்ந்து திரும்புற வழில இத்தாலில தாரந்தோ கோட்டைல புடிச்சு 2 வருசம் போல அடைச்சு வச்சுட்டாங்க, உடம்பு ஒடஞ்சு வெளிய வந்தாரு, நெப்போலியன் அவர கண்டுக்கவே இல்ல, பென்ஷனும் கிடையாது. மகனுக்கு நாலு வயசு ஆகுறதுக்கு முன்னாடியே செத்துட்டாரு. அந்த மகன் பின்னாடி கோட்டைல அடைபட்ட ஒருத்தன பத்தி எழுதுனான்னா எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கணுமா. 2002ல டூமாவோட உடல் மிச்சத்த எடுத்துட்டுப் போய் பாரிஸ்ல பெரிய ஆளுங்கள அடக்கம் பண்ற பாந்தியன்ல வச்சாங்க.

இவ்வளவு இருந்தும் பெரிய படம் எல்லாத்துலயும் டான்டெஸ் வெள்ளைக்காரருதான். நாவல்லயும் வெள்ளைக்காரருதான், அதனால துரோகம்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பின்கதை தெரிஞ்சப்புறம் அந்த ஜெயில் சீன பழைய மாதிரி பாக்க முடியல.

ஹீத்க்ளிஃப்புக்கு கறுப்பு நடிகர போட்டது சும்மா ஃபேஷனுக்குத்தானே அக்கா?

தம்பி, புத்தகத்த படிச்சுட்டு கேளுங்க. வுதரிங் ஹைட்ஸ்ல எர்ன்ஷா லிவர்பூல் வரைக்கும் நடந்தே போய் தெருவுல கெடந்த ஒரு கறுத்த பிள்ளைய வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றாரு, அதுதான் ஹீத்க்ளிஃப், அது பேசுறது ஒருத்தருக்கும் புரியல. அப்ப லிவர்பூல் அடிமை வியாபாரம் கொழுத்த துறைமுகம். ஊர்ப் பெரிய மனுசரு லின்டன் அந்தப் பையன பாத்துட்டு, இது லஸ்கர் பிள்ளையா, இல்ல அமெரிக்கா ஸ்பெயின்லேர்ந்து ஒதுங்குனதாங்கிற மாதிரி பேசுறாரு. லஸ்கர்னா யாரு? நம்ம பக்கத்துலேர்ந்து, வங்காளம், மலபாரு, இந்த மலாய்க் கடல் பக்கம் எல்லாத்துலேர்ந்தும் வெள்ளைக்காரன் கப்பல்ல வேல செஞ்சவங்க. வேலைக்காரப் பொம்பளை நெல்லி அவன தேத்துறதுக்கு, உங்கப்பா சீனா ராஜாவா இருக்கலாம், உங்கம்மா இந்திய ராணியா இருக்கலாம், யாரு கண்டாங்கன்னு சொல்லுவா. எமிலி பிரான்டே கடைசி வரைக்கும் அவன் யாருன்னு சொல்லல, ஆனா வெள்ளைப் பிள்ளைன்னு அந்த வீட்டுல யாருமே நெனைக்கல, அவன அடிச்சதும் வேலைக்காரனாக்குனதும் அதனாலதான். அந்த அடிதான் பின்னாடி வஞ்சமா வருது. அவன வெள்ளையாக்கிட்டா வஞ்சத்துக்கு காரணமே பாதி போயிருது, காதல் தோல்வி மட்டும்தான் நிக்கும்.

1939 படத்துல ஹீத்க்ளிஃப்பா லாரன்ஸ் ஒலிவியர். இதுல ஒரு கூத்து இருக்கு. ஹீத்க்ளிஃப் காதலிக்கிற கேத்தியா, அதாவது வெள்ளைக்காரப் பொண்ணா நடிச்ச மெர்ல் ஓபரான் பம்பாய்ல பொறந்தவங்க, அம்மா வழி சிலோன். அது வெளிய தெரிஞ்சா ஹாலிவுட்ல பொழப்பு போயிரும்னு டாஸ்மேனியால பொறந்தேன்னு வாழ்நாள் பூரா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கறுத்த பையன் வேசத்துல வெள்ளைக்காரரு, வெள்ளைப் பொண்ணு வேசத்துல நம்ம பக்கத்து ரத்தம். இந்தக் கதைய மட்டும் யாராச்சும் படமா எடுத்தா நான் முதல் ஷோ போவேன்.

2011ல ஆண்ட்ரியா ஆர்னால்ட் எடுத்த படத்துலதான் கறுப்பினப் பையன் சாலமன் கிளேவும் வளந்தப்புறம் ஜேம்ஸ் ஹவ்சனும் நடிச்சாங்க. பேச்சே கம்மி, காத்து, சேறு, மழை. எங்க ஹால்ல பாதிப் பேரு தூங்கிட்டாங்க, உண்மைய சொல்லணும்ல, எனக்கு ரொம்பப் புடிச்சுது. 2026ல எமரால்ட் ஃபென்னல் படத்துல ஹீத்க்ளிஃப்பா வெள்ளைக்காரரு ஜேக்கப் எலோர்டி, திரும்பவும் அதே சண்ட.

தமிழ்ல இந்தக் கதைலாம் வந்திருக்கா?

வராம இருக்குமா. 1958ல ஜெமினி எஸ்.எஸ். வாசன் எடுத்த வஞ்சிக்கோட்டை வாலிபன் மாண்டி கிறிஸ்டோவ தழுவுனதுதான், லேசா. பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுவாங்க, பி.எஸ். வீரப்பா சபாஷ் போடுவாரு, இது தெரியாத ஆளு பினாங்குல கிடையாது. ஆனா அது டூமா வீட்டுக் கதைன்னு சொன்னா ஆண்ட்டிங்க என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க! மொட்டைக் கடுதாசி, நெப்போலியன், பேங்க், மேல்சபை எல்லாம் போயி அரண்மனைச் சதியா மாறிருச்சு. கெட்ட சேனாபதி ஒழிஞ்சா நாடு நல்லாயிரும். இங்க மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வாங்கி அடுத்த வருசம் வந்த படம், அங்க இந்தியா குடியரசாகி 8 வருசம், ரெண்டு பக்கமும் ஜனங்க ஓட்டுப் போட ஆரம்பிச்ச நேரத்துல திரைல ராஜா கதை. குறையா சொல்லல, ஆட்டத்த பாத்துட்டு யாரு அரசியல் பேசுவா.

மலையாளத்துல 1982ல படையோட்டம், பிரேம் நசீர், 70 எம்எம்ல எடுத்தது, அதுல மம்முட்டிக்கு மகனா மோகன்லால் வருவாரு, நம்ப மாட்டீங்க. தெலுங்குல 1986ல சிரஞ்சீவியோட வேட்டா.

அப்ப பினாங்குக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு சொல்லலாமா?

ஐயோ, நாம உக்காந்திருக்குறதே ஷாத்தோ தீஃப்லதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்தியாலேர்ந்து கைதிங்கள கப்பல்ல ஏத்தி இந்தத் தீவுக்குக் கொண்டாந்தான், ரோடு, கட்டடம், வாய்க்கால் எல்லாம் அவங்க கையிதான். லெபோ ஃபார்க்குவார் தெருவுல வெள்ளை வெளேர்னு செயின்ட் ஜார்ஜ் சர்ச் நிக்குதே, 1818ல முடிச்சது, அதுவும் கைதிங்க கட்டுனது. டூரிஸ்டு முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்குறாங்க.

அதுக்கு முன்னாடியே 1801 அக்டோபர்ல மருது சகோதரர்கள திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்க இல்லயா, அவங்க தரப்புல மிஞ்சுனவங்க 70 பேருக்கு மேல 1802ல தூத்துக்குடிலேர்ந்து கப்பல் ஏத்தி இங்கதான் நாடு கடத்துனாங்க. சின்ன மருதுவோட மகன் துரைசாமி அதுல ஒருத்தரு, சின்னப் பையன், டான்டெஸ விட வயசு கம்மி. அவருக்கு புதையலும் கிடைக்கல, பாதிரியாரும் கிடைக்கல. இத நான் ஹால்ல சொன்னப்ப செகண்டரி படிக்கிற பொண்ணு ஒன்னு, அக்கா இத ஏன் ஸ்கூல்ல சொல்லலன்னு கேட்டுச்சு. அதுக்கு பதில் இந்தப் பக்கத்துல இல்லம்மா.

மோபி டிக் ஒரு வாய் சொல்றேன்னீங்களே?

ஆமா. 1851 நாவல், கப்பல்ல உலகத்து ஜனங்க பூரா வேல செய்றாங்க, பசிஃபிக் தீவுக்காரரு, ஆப்பிரிக்கரு, அமெரிக்கப் பழங்குடி, ஃபெடாலான்னு ஒரு பார்சி. கேப்டன் ஆஹாபுக்கு ஒரு வெள்ளைத் திமிங்கலத்து மேல வஞ்சம், அதுக்காக ஒருத்தனத் தவிர அத்தன பேரையும் சாவடிக்கிறாரு. முதலாளி கோவத்துக்கு கூலிக்காரன் உசுரு, இதுக்கு மேல அரசியல் வேணுமா. 1956 படத்துல கிரெகரி பெக் ஆஹாப், தீவுக்காரரு குயிக்வெக்கா நடிச்சது ஆஸ்திரியாக்காரரு, ஃபெடாலாவ திரைக்கதை எழுதுன ரே பிராட்பரி தூக்கியே போட்டுட்டாரு. நாவல்ல ஒரு அத்தியாயம் மலாக்கா தீபகற்பத்துலதான் தொடங்கும், அத படிச்சப்ப எனக்கு சொந்தக்காரர ஏர்போர்ட்ல பாத்த மாதிரி இருந்துச்சு.

பழிவாங்குறத இப்படி ரசிக்கிறது தப்பில்லயா?

ரசிக்கிறதுல தப்பு இல்ல, யாரு கையில பழிவாங்குற வசதி இருக்குன்னு பாக்காம ரசிச்சாதான் சிக்கல். கவுண்ட் எப்படி டங்லார கவுக்குறாரு தெரியுமா? அந்தக் காலத்துத் தந்தி, கோபுரத்து மேல கை ஆட்டி சைகை காட்டுறது, அந்த கோபுரத்துல தோட்டம் போட்டுக்கிட்டு அப்பாவியா ஒரு ஆளு இருப்பாரு, அவருக்கு லஞ்சம் குடுத்து பொய்ச் செய்தி அனுப்ப வைக்கிறாரு, டங்லார் பதறிப் போய் ஸ்பெயின் பத்திரத்த வித்து நட்டப்படுறான். 1840கள்லயே பொய்ச் செய்தியும் ஷேர் மார்க்கெட்டும்! அதாவது அநியாயமா பணம் சேத்தவன அதைவிட அதிகப் பணம் வச்சிருக்குறவன் அடிக்கிறான். அந்த ஜெயில்ல மிச்சம் இருந்த கைதிங்க? அவங்கள பத்தி கவுண்டுக்கு அக்கறையே இல்ல. இத்தாலி கம்யூனிஸ்ட் அன்டோனியோ கிராம்ஷி, முசோலினி ஜெயில்ல உக்காந்துகிட்டு, தத்துவவாதி நீட்ஷேயோட அதிமனிதன்னு பேசுறதெல்லாம் முதல்ல இந்த மாண்டி கிறிஸ்டோ மாதிரி தொடர்கதைலேர்ந்து வந்ததுதான்ங்கிற மாதிரி எழுதி வச்சாரு. ஜெயில்ல இருக்குறவர் சொன்னா கொஞ்சம் கேக்கணும்.

நம்ம ஊர் ஹீரோ படத்துக்கும் அதேதான் பொருந்தும், ஒத்த ஆளு எல்லாரையும் காப்பாத்துவாரு, மிச்சவங்க கைதட்டுவாங்க. இதச் சொன்னா மட்டும் சண்டைக்கு வருவாங்க, அதனால நான் நிறுத்திக்கிறேன்.

நம்ம ஆளுங்க இப்படி ஒரு கதைய இங்கயே எடுக்க முடியாதா?

முடியும்னு 2015ல ஜகாட்ங்கிற நம்ம ஊர் தமிழ்ப் படம் காட்டுச்சு, அது நாவல் தழுவல் கிடையாது, பழிவாங்கும் கதைன்னும் சொல்ல முடியாது, ஆனா தோட்டம் உடைஞ்சு வெளிய வந்த குடும்பம், குண்டர் கும்பல், ஒரு சின்னப் பையன், எல்லாம் நம்ம மண்ணு. 2016 மலேசிய திரைப்பட விழாவுல மலாய் அல்லாத மொழிப் படம்னு அத தனியா ஒரு பிரிவுல போட்டாங்க, பெரிய சண்டையாச்சு, அப்புறம் விதிய மாத்துனாங்க, கடைசில சிறந்த மலேசியப் படம் விருது அதுக்குத்தான். திரைல நம்மள காட்டுறாங்களாங்கிறது ஒரு கேள்வின்னா எந்தப் பெட்டில போட்டுக் காட்டுறாங்கங்கிறது இன்னொன்னு. துரைசாமி கதைய எவனாச்சும் எடுத்தா நான் நாற்காலி தூக்கிப் போட வர்றேன், சம்பளம் வேணாம்.

புத்தகம் படிக்கணுமா? எது முதல்ல பாக்கலாம்?

மாண்டி கிறிஸ்டோ 117 அத்தியாயம், நான் சௌராஸ்தா மார்க்கெட் மாடில பழைய புத்தகக் கடைல சுருக்கப் பதிப்பு வாங்கித்தான் ஆரம்பிச்சேன், அதுல ஹைதே ரெண்டு பக்கம்தான் வந்தா, அலி வரவே இல்ல, முழுப் புத்தகம் படிச்சப்பதான் என்னென்ன வெட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சுது. படம்னா 2024 முதல்ல, அப்புறம் 2002, அப்புறம் வஞ்சிக்கோட்டை. பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு வஞ்சிக்கோட்டையே போதும்.

அடுத்த மாசம் என்ன படம்?

1939 வுதரிங் ஹைட்ஸ். எட்டு மணிக்கு. வேட்டிய துவைக்கக் குடுத்திருக்கேன், வரலன்னா யாராச்சும் வெள்ளை பெட்ஷீட் கொண்டாங்க, போன தடவ மாதிரி பூப்போட்டது வேணாம், ஒலிவியர் மூஞ்சில ரோஜா பூக்கும்.